மிளகு கடித்த கணக்கு

என் இடது கையில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தோலில் நான்கு புள்ளித் தழும்புகள் இருக்கின்றன. மேற்புறம் இரண்டு, உள்ளங்கைப் பக்கம் இரண்டு. மிளகு என்ற ஃபெரெட் குட்டி எங்கள் வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் வைத்த முத்திரை அது. இப்போது அதே கையில் தலை வைத்துத்தான் தூங்குகிறான். நடுவில் போனது மூன்றரை மாதம். அந்த நாட்களில் என்ன செய்தேன், எதைத் தப்பாகச் செய்தேன், எது கைகொடுத்தது என்று தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. குட்டி ஃபெரெட் கடிக்கிறது என்று பயந்து, வாங்கிய ஒரே மாதத்தில் வேறு கைக்குத் தள்ளிவிட்ட இரண்டு பேரை எனக்கே தெரியும். அந்தக் குட்டிகளை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

ஃபெரெட்டைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீண்ட உடம்பு, குட்டைக் கால், கூரான முகம். அம்மா முதல் நாளே “கீரிப்பிள்ளை” என்றுவிட்டார். பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் கீரி வேறு குடும்பம். ஃபெரெட்டுக்குச் சொந்தம் நீர்நாய். ஐரோப்பாவில் காட்டில் திரியும் போல்கேட் என்ற விலங்கைப் பழக்கி, வளைக்குள் அனுப்பி முயலை விரட்டுவதற்காக 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் வளர்த்து வந்த இனம். முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. வளர்ந்தால் 34 பல். ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். மீதி நேரத்தில் வீட்டையே தலைகீழாக்கும்.

ஜூலை மாதம், கோலாலம்பூர் கெப்போங்கில் ஒருவர் வீட்டில் குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் எடுத்து வந்தேன். எட்டு வாரக் குட்டி, ஆண். உடம்பெல்லாம் பழுப்பு, கண்ணைச் சுற்றி மட்டும் முகமூடி போட்டது போலக் கறுப்பு. அதனால் மிளகு. நாங்கள் இருப்பது செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு: நான், அம்மா, பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதப் போகும் தம்பி. என் அறையில் ஏர்கோன் இருக்கிறது, அதனால் கூண்டும் அங்கேதான். இது ஆடம்பரத்துக்காக இல்லை. ஃபெரெட்டுக்கு வெயில் ஆகாது. நம்மைப் போல வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ள அதற்கு வராது. 30 டிகிரியைத் தொட்டாலே ஆபத்து. கோலாலம்பூர் மதியம் 33 டிகிரி சர்வசாதாரணம். அம்மா தன் பழைய கைலி ஒன்றை வெட்டி, நான்கு மூலையிலும் நாடா தைத்து, கூண்டுக்குள் ஒரு தூளி கட்டிக் கொடுத்தார். தொடத்தான் பயப்பட்டாரே தவிர, தூளி கட்ட மறுக்கவில்லை.

முதல் நான்கு நாள் சின்னச் சின்னக் கடிகள். ஊசி குத்துவது போல இருக்கும், ரத்தம் வராது. பல் முளைக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது நாசி லெமாக் (சம்பலோடு தேங்காய்ப்பால் சோறு) தாப்பாவ் பண்ணி, அதாவது பொட்டலமாக வாங்கி வந்து, கையாலேயே சாப்பிட்டேன். கையைத் திசுத் தாளில் துடைத்துவிட்டு, தூளியில் தூங்கிக்கொண்டிருந்தவனை எடுக்கக் கையை உள்ளே விட்டேன். நெத்திலிச் சம்பல் வாசனையோடு, தூக்கத்தில், மேலேயிருந்து ஒரு கை. அவன் எழுந்ததும் கடித்ததும் ஒரே நொடியில் நடந்தது. கடித்துவிட்டு விடவில்லை. தாடையைப் பூட்டிக்கொண்டு தொங்கினான். நான் அலறிக் கையை இழுத்தேன். இழுத்ததுதான் தப்பு. பல் உள்ளே இருக்கும்போது இழுத்தால் தோல் கிழியும், அதோடு பிடித்தது ஓடுகிறது என்று அதுவும் இன்னும் இறுக்கும். தம்பி ஓடி வந்து என்னைச் சமையலறைக் குழாய்க்கு இழுத்துப்போய், தண்ணீரைத் திறந்துவிட்டான். தண்ணீர் முகத்தில் பட்டதும் மிளகு விட்டுவிட்டான்.

சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவினேன். கடி சின்னதாகத் தெரிந்தாலும் பல் ஆழமாகப் போயிருக்கும், மேலே மட்டும் துடைத்தால் போதாது. பிறகு கிளினிக்கில் டெட்டனஸ் ஊசி. அன்றிரவு அம்மா ஒன்றும் பேசவில்லை. அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள், குட்டியைக் கொடுத்தவருக்கு ஹேண்ட்போனில் கூப்பிட்டேன். “கடிச்சா மூக்குல சுண்டு, ரெண்டு நாள்ல நிப்பாட்டிடும்” என்றார். இரண்டு நாள் சுண்டினேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. முதல் நாள் கடித்த பிறகு சுண்டினேன். இரண்டாம் நாள் மாலைக்குள், என் கை பக்கத்தில் வந்தாலே அவன் தலையைத் தாழ்த்திப் பின்னால் நகர்ந்து, வாயைத் திறந்து சீறத் தொடங்கினான். வால் புட்டி கழுவும் பிரஷ் போலச் சிலிர்த்து நின்றது. விளையாட்டாகக் கடித்த குட்டி, பயந்து கடிக்கிற குட்டியாக மாறிவிட்டான். முதல் வகைக் கடி பட்டும் படாமலும் விடும்; இரண்டாவது பூட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் உள்ளங்கை அகலம் இருக்கிற மூக்கு இல்லை, ஒரு பட்டாணி அளவு மூக்கு. உலகத்தையே மோந்து பார்த்துத்தான் அது தெரிந்துகொள்கிறது. அங்கே போய் அடித்தால் கையின் வாசனையே வலியின் வாசனை ஆகிவிடும். அடிக்காதீர்கள். மூக்கில் சுண்டுவது, வாயைப் பொத்துவது, குலுக்குவது எதுவும் வேண்டாம்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். கூடப் பிறந்த குட்டிகளோடு இருக்கும்போது ஃபெரெட் எப்படி விளையாடும்? ஒன்று மற்றதன் கழுத்தைக் கவ்வி இழுக்கும், புரட்டும். கழுத்துத் தோல் அவ்வளவு தடிப்பு. தாய் தூக்கிப் போவதும் அங்கே பிடித்துத்தான். அளவுக்கு மீறிக் கடித்தால் கடிபட்டது கத்திவிட்டு ஆட்டத்தை விட்டுப் போய்விடும். எவ்வளவு அழுத்தலாம் என்று குட்டி கற்றுக்கொள்வது இப்படித்தான். மிளகை நான் எட்டு வாரத்தில் தனியாகப் பிரித்து வந்துவிட்டேன். மனிதத் தோல் மெலிசு என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? இனிமேல் நாங்கள்தான் சொல்ல வேண்டும், அவனுக்குப் புரிகிற மாதிரி.

எப்போது, எதனால் கடிக்கிறான் என்று தெரியாமல் ஆரம்பிக்கப் பிடிக்கவில்லை. நான் கணக்கு எழுதுகிற வேலையில் இருப்பவள். எழுதி வைத்தால்தான் எனக்குப் புரியும். கடையில் ஒரு 555 நோட்டுப் புத்தகம் வாங்கினேன். முன்பு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருந்தபோது மளிகைக் கடைக் கடனை அம்மா எழுதி வைத்த அதே மாதிரிச் சின்ன நோட்டு. ஒவ்வொரு கடிக்கும் ஒரு வரி: என்ன நேரம், யாரை, உடம்பில் எங்கே, அதற்கு முன் அரை நிமிடத்தில் என்ன நடந்தது, லேசா பலமா, கடித்த பிறகு நாங்கள் என்ன செய்தோம். தம்பியும் எழுதினான். அம்மா வாயால் சொல்ல, நான் எழுதினேன்.

இரண்டு வாரத்தில் 83 வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தனையையும் வகை பிரித்தேன். எல்லாம் ஒரே கடி என்று நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

31 கடி, கையில் தூக்கி வைத்திருந்தபோது. ஒவ்வொன்றிலும் கடைசிக் கட்டத்தில் ஒரே வார்த்தை: “கீழே விட்டேன்.” அவன் நெளிவான், நாங்கள் விடமாட்டோம், கடிப்பான், விட்டுவிடுவோம். கடித்தால் கீழே விடுவார்கள் என்று 31 தடவை அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அவன் அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

ஏறக்குறைய அதே அளவு, சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டுக்குள். தூங்கி எழுந்த வேகம், அதோடு பசி. ஃபெரெட்டின் குடல் குட்டையானது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். நான் காலையில் வைத்துவிட்டுப் போகும் உணவு மதியமே தீர்ந்துவிடுகிறது. அம்மா கூண்டுப் பக்கம் போகப் பயந்ததால் கிண்ணம் காலியாகவே கிடந்திருக்கிறது. நான் வந்து உணவு வைக்காமல் கொஞ்ச எடுத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு விழுந்த கடி எல்லாம் கால்விரலில். அதில் எனக்குத் தெரிந்தது, கடிக்கு முன் ஓட்டம் இருந்தது. கைலி விளிம்பு ஆடும், அவன் பின்னால் வருவான், அம்மா “ஐயோ!” என்று உச்சக் குரலில் கத்திக்கொண்டு ஓடுவார். ஓடுகிறது, கீச்சிடுகிறது, வேட்டைப் பிராணிக்கு வேறென்ன வேண்டும்?

விளையாட்டுக் கடி தம்பியின் பக்கம்தான் அதிகம். “விளையாடினோம்” என்றே எழுதியிருந்தான். தடித்த கையுறை போட்டுக்கொண்டு கையாலேயே மல்லுக்கட்டியிருக்கிறான். கையுறை போட்ட கையைக் கடித்தால் பரவாயில்லை, போடாத கையைக் கடித்தால் தப்பு என்று ஒரு குட்டிக்கு எப்படிப் பிரித்துத் தெரியும்? அவனிடம் கோபப்படாமல் நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, “அப்ப நான்தான் கெடுத்தேனாக்கா?” என்று கேட்டான். எல்லாரும் சேர்ந்துதான் என்று சொன்னேன். அதுதான் உண்மை.

மீதி ஒரு ஒன்பது வரி எதிலும் சேரவில்லை. பசி இல்லை, விளையாட்டு இல்லை, தூக்கத்தில் இல்லை. அவற்றைத் தனியாக வட்டமிட்டு வைத்தேன். பிறகு சொல்கிறேன்.

ஒரு சின்னச் சோதனையும் செய்தேன். அவன் தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கினேன். மூன்றாம் தடவை காது அசைந்தது. ஃபெரெட் சில சமயம் செத்தது போலத் தூங்கும், அதனால் ஒரு தடவையோடு முடிவு கட்டக் கூடாது. தலை முழுக்க வெள்ளையாக, அல்லது நெற்றியில் வெள்ளைக் கோடு உள்ளவற்றில் பிறவியிலேயே காது கேளாதவை நிறைய. அப்படிப்பட்ட குட்டி நாம் கத்துவதும் கேட்காமல், வருவதும் தெரியாமல் திடுக்கிட்டுக் கடிக்கும். அதற்குத் தரையைத் தட்டி அதிர்வால் எழுப்ப வேண்டும். மிளகுக்குக் காது நன்றாகவே கேட்டது.

சரி, செய்தவற்றுக்கு வருகிறேன்.

முதலில் நேரத்தை மாற்றினோம். பூனைக்குட்டிகளுக்கான புரதம் கூடிய உலர் உணவு எப்போதும் கிண்ணத்தில் இருக்கும். மதியம் அம்மா கூண்டின் வெளியிலிருந்தே கரண்டியால் நிரப்புவார். காலையில் பசாரிலிருந்து வாங்கி வரும் கோழி இருதயமும் ஈரலும் கொஞ்சம், நறுக்கி. மாலையில் நான் வந்ததும் முதலில் கை கழுவுவேன், அடுத்து கூண்டுக் கம்பியில் விரலால் தட்டி “மிளகு” என்று கூப்பிடுவேன். அவன் தானாக எழுந்து, கொட்டாவி விட்டு, தின்று, மூலையில் போய் இருந்து முடித்து வந்த பிறகுதான் கதவு திறக்கும். இந்த ஒரு மாற்றத்திலேயே சாயங்காலக் கடி பாதியாகக் குறைந்தது. பயிற்சி என்று எதுவுமே இன்னும் தொடங்காத வாரம் அது.

கையின் மேல் போன நம்பிக்கையை மீட்பதுதான் நீண்ட வேலை. சால்மன் மீன் எண்ணெய் ஒரு புட்டி வாங்கினேன். முதல் வாரம் நீளமான கரண்டி நுனியில் ஒரு சொட்டு. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கரண்டியை நீட்டுவேன், கை தூரத்தில் இருக்கும். அவன் நக்கும்போது “மெதுவா, மெதுவா” என்று தாழ்ந்த குரலில் சொல்வேன். நாளுக்கு நாள் கரண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகப் பிடித்தேன். இரண்டாம் வாரம் சொட்டு புறங்கைக்கு வந்தது. விரல் நுனியில் வைக்கக் கூடாது. விரல் என்பது அவன் கண்ணுக்கு இறைச்சித் துண்டு. புறங்கை தட்டையாக இருக்கும், பல் பிடிக்க இடம் கிடைக்காது, நாக்குத்தான் வரும். நக்கினால் நல்லது நடக்கும் என்று வாய் பழகிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு நாலைந்து சொட்டுக்கு மேல் போனால் வயிறு இளகும். நிறையப் பேர் உலர்ந்த திராட்சை கொடுப்பார்கள். ஃபெரெட்டுக்கு இனிப்பு ஆகாது, நான் வீட்டுக்குள்ளேயே வைப்பதில்லை.

தூக்குவதை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம். பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய் முகர விட்டு, ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்னங்காலுக்கு அடியில். ஐந்து நொடி. நெளியத் தொடங்குவதற்கு முன்பே கீழே. மறுநாள் ஏழு நொடி. கீழே விடுவது என் முடிவாக இருக்க வேண்டும், அவன் பல்லின் முடிவாக இருக்கக் கூடாது. எப்போதாவது நான் கணக்குத் தவறி அவன் கடித்துவிட்டால், தரையில் விடாமல் உடம்போடு அணைத்து, அவன் அசையாமல் இருக்கும் ஒரு கணம் வரும் வரை நிற்பேன், அதன் பிறகே விடுவேன். அந்தச் சில நொடிகள் கடினமானவை. வலியோடு பொறுமையாக நிற்பது எனக்குச் சுலபமாக வரவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், அவன் நெளிந்து, என் விரல் பக்கம் வாயைக் கொண்டுவந்து, பல்லை வைத்து, அழுத்தாமல் எடுத்தான். எடுத்துவிட்டு நக்கினான். நான் உடனே கீழே விட்டுவிட்டேன். அன்றைக்கு நோட்டில் கடி என்று எழுதவில்லை. “கேட்டான்” என்று எழுதினேன்.

விளையாட்டில் கடித்தால் வேறு வழி. அறை மூலையில் ஒரு பூனைக் கூடை, உள்ளே துணி இல்லை, பொம்மை இல்லை. பலமாகக் கடித்தால் “போதும்” என்று ஒரே வார்த்தை, தூக்கி உள்ளே, மூன்று நிமிடம். ஹேண்ட்போனில் மணி வைத்துவிடுவேன். நேரம் முடிந்தும் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தால் அது நிற்கும் வரை காத்திருந்து, பிறகு சத்தமில்லாமல் திறந்துவிடுவேன். கூண்டில் போட்டு அடைக்கக் கூடாது. கூண்டு அவன் வீடு. தூளியும் சோறும் இருக்கிற இடம் தண்டனை ஆகக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேலும் வேண்டாம், எதற்காக உள்ளே இருக்கிறோம் என்பது மறந்துபோகும். முதல் நாள் ஒரே மணி நேரத்தில் பதினொரு தடவை கூடைக்குப் போனான். தம்பி “இது நடக்காதுக்கா” என்றான். ஆறாம் நாள் மூன்று தடவை.

கையால் விளையாடுவதற்குத் தடை. அதற்குப் பதிலாகத் தம்பி தன் பள்ளிக் காலுறைகளை ஒன்றோடொன்று முடிந்து ஒரு முழ நீளத்துக்குக் கயிறு செய்தான். மல்லுக்கட்டு எல்லாம் அந்தக் கயிற்றோடு. ரப்பர் பொம்மையும் நுரைப் பந்தும் வாங்காதீர்கள். குட்டி பிய்த்து விழுங்கிவிடும், குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். எங்கள் வீட்டில் வாசலில் கிடந்த ஜப்பான் சிலிப்பரின் (ரப்பர் செருப்பின்) ஓரத்தை அவன் ஒரு நாள் கடித்து எடுத்துவிட்டான். துண்டு கட்டிலுக்கு அடியில் கிடைக்கும் வரை எனக்கு உயிரே இல்லை. அன்றிலிருந்து சிலிப்பர் எல்லாம் அலமாரியில்.

அம்மாவுக்கு நான் கேட்டது இரண்டே இரண்டு. கைலி விளிம்பைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். அவன் வந்தால் மரம் மாதிரி நில்லுங்கள். “நிக்கிறது நானு, கடிபடறதும் நானு” என்றார். ஆனால் நின்றார். ஓடாத காலில் ஆட்டம் இல்லை என்று தெரிந்து, அவன் இரண்டு தடவை சுற்றி வந்துவிட்டுப் போய்விட்டான். கத்துவதையும் குறைத்தோம். குட்டிகள் கத்துவது போல நாமும் கீச்சிட்டால் நிறுத்தும் என்று சிலர் சொல்வார்கள். மிளகுக்கு அது எண்ணெய் ஊற்றியது போல, இன்னும் குஷியாகிவிடுவான். தாழ்ந்த குரல்தான் அவனிடம் எடுபட்டது.

இடையில் அம்மா ஒரு நாள் பயந்துபோய் என்னை வேலையிடத்திலிருந்து வரச் சொல்லிவிட்டார். “முதுகை வளைச்சுக்கிட்டு, வாயைத் திறந்துக்கிட்டு, பக்கவாட்டுல குதிக்குதும்மா, சுவத்துல எல்லாம் மோதுது, என்னமோ பிடிச்சிருச்சு அதுக்கு.” வாயால் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டேன். “டுக்கு டுக்குங்குது.” நிம்மதியானேன். அது ஃபெரெட்டின் ஆனந்தக் கூத்து. அந்த டுக்கு டுக்கு இருந்தால் சந்தோஷம். சீறலும் சிலிர்த்த வாலும் பின்னால் நகர்வதும் இருந்தால்தான் பயம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க அம்மா அன்றைக்கே கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அவன் குதிக்கும்போதெல்லாம் “ஆடறான் பாரு” என்று தம்பியைக் கூப்பிடுவார்.

இப்போது அந்த வட்டமிட்ட ஒன்பது வரி. ஆறாம் வாரம் வந்தபோது மற்ற கடிகளெல்லாம் குறைந்து, அந்த வகை மட்டும் அப்படியே நின்றது. திரும்பத் திரும்பப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது: எல்லாமே அவனைத் தலைப் பக்கம், அதுவும் இடது பக்கம் தடவியபோது. காதை விலக்கிப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக, காப்பித் தூள் போல அழுக்கு. ஃபெரெட்டின் காது மெழுகு இயல்பாகவே செம்பழுப்பாக இருக்கும், அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இது அதைவிடக் கறுப்பு. விலங்கு மருத்துவர் பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் எடுத்து உருப்பெருக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். வெள்ளையாக ஊர்ந்துகொண்டிருந்தன, காதுப் பூச்சிகள். பிடரியில் ஒரு சொட்டு மருந்து, சில வாரம் கழித்து இன்னொன்று. இரண்டாவது சொட்டுக்குப் பிறகு அந்த இடத்தில் தடவினால் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தான்.

இத்தனை வாரமாக வலிக்கிற காதைத் தொட்ட கையைத்தான் அவன் கடித்திருக்கிறான். அந்த வகைக் கடிக்காகப் பின்னால் நான்கு தடவை நான் அவனைக் கூடையில் அடைத்திருக்கிறேன். நோட்டில் இருக்கிறது. எனவே, நன்றாகப் பழகிக்கொண்டு வரும் குட்டி ஒரே ஒரு விதமாக மட்டும் கடிப்பதை விடவில்லை என்றால், பயிற்சியைக் கூட்டாதீர்கள், உடம்பைப் பாருங்கள். அன்றைக்கே டிஸ்டெம்பர் தடுப்பூசி பற்றியும் பேசி நாள் குறித்துக்கொண்டேன். நாய்களுக்கு வரும் அந்த நோய் ஃபெரெட்டுக்கு வந்தால் பிழைப்பது அரிது. நமக்கு வரும் ஃபுளு காய்ச்சலும் அவனுக்குத் தொற்றும், அதனால் யாருக்காவது சளி பிடித்தால் அவர் அறைக்குள் வருவதில்லை.

செப்டம்பரில் ஒரு மதியம் மின்சாரம் போய்விட்டது. அம்மா கூப்பிட்டுச் சொல்ல, நான் வந்து சேர்ந்தபோது அறை கொதித்தது. மிளகு தரை ஓட்டில் வயிற்றை ஒட்டிப் பரப்பிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். அம்மா அதற்குள் குளிர்பெட்டியில் உறைய வைத்திருந்த தண்ணீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றி அவன் பக்கத்தில் வைத்து, ஈரத்துணியால் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெறுங்கையால். கடிப்பானே என்று நினைக்கக்கூட அவருக்கு நேரம் இருந்திருக்காது. மூன்று நாள் பயிற்சி எதுவும் வைக்கவில்லை, ஓய்வாக விட்டோம். இப்போது குளிர்பெட்டியில் எப்போதும் இரண்டு புட்டி உறைந்திருக்கும்.

தீபாவளிதான் எனக்குப் பெரிய கவலை. கிள்ளானிலிருந்து அக்கா, மாமா, அக்காள் மகள் எல்லாரும் வருவார்கள். மகளுக்கு ஏழு வயது. பட்டாசுச் சத்தம், முறுக்கு வாசனை, புதுப் பாவாடை ஓரம், இத்தனையும் ஒரே நாளில். ஒரு வாரத்துக்கு முன்பே பலகார வேலை தொடங்கியதால், நெய்க்கையோடும் மாவுக்கையோடும் யாரும் அவனைத் தொடுவதில்லை என்று சொல்லி வைத்தேன். அன்று காலை முழுக்கக் கூண்டு மேல் போர்வை, ஏர்கோன், மூடிய கதவு. சாயங்காலம் வீடு கொஞ்சம் அமைதியான பிறகு அவளை மட்டும் அழைத்தேன். கை கழுவி, காலுறை போட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தூக்கக் கூடாது, துரத்தக் கூடாது, அவனே வரட்டும் என்றேன்.

“சித்தி, வரலன்னா?”

“வரலன்னா இன்னிக்கு இல்ல.”

கால் மணி நேரம் அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் அசையவில்லை, ஏழு வயதுக்கு அது பெரிய விஷயம். பிறகு வந்து, முழங்கால், பாவாடை, கை என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தான். அவள் கரண்டியில் இருந்த சொட்டை நக்கிவிட்டு, அவள் சுண்டுவிரலை வாயில் வைத்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். “மெதுவா” என்று அவளே சொன்னாள், நான் சொல்லிக் கொடுத்திருந்த அதே குரலில். விட்டுவிட்டு மடியில் ஏறினான். தோலில் ஒரு கோடுகூட இல்லை.

இப்போது நிலவரம்: நோட்டில் கடைசியாகப் பதிந்த பலமான கடிக்குப் பிறகு ஐந்து வாரம் ஓடிவிட்டது. விளையாட்டில் வாயை வைக்கிறான், அழுத்துவதில்லை. அம்மாவின் கால்விரலை மட்டும் இன்னும் எப்போதாவது லேசாகக் கடித்துப் பார்க்கிறான். அதற்கும் வேலை நடக்கிறது. விதை நீக்கம் பற்றி மருத்துவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்; வளர்ந்த ஆணுக்குப் பருவக் காலத்தில் மூர்க்கம் ஏறும் என்பதால் தள்ளிப்போட விருப்பமில்லை.

நேற்று முதல் தடவையாக நகம் வெட்டினோம். பிடித்து வைத்து வெட்டினால் இத்தனை நாள் உழைப்பும் போய்விடும். மல்லாக்க மடியில் போட்டு, அவன் வயிற்றிலேயே இரண்டு சொட்டு மீன் எண்ணெய் விட்டால், அதை நக்குவதிலேயே கவனமாக இருப்பான். அந்த நேரத்தில் நுனியை மட்டும், உள்ளே தெரியும் சிவப்பு ரத்தக் குழாயைத் தொடாமல் வெட்ட வேண்டும். அம்மா மடியில் வைத்துக்கொண்டார், நான் வெட்டினேன், தம்பி எண்ணெய் விட்டான். பின்கால் இரண்டும் முடிந்தபோது எண்ணெய் தீர்ந்துவிட்டது. மிளகு தலையை நிமிர்த்தி அம்மா கையைப் பார்த்தான். அம்மா கையை எடுக்கவில்லை.

முன்கால் நாளைக்கு.